உம்கேனி ஆற்றுக்கு முதல் கணினி மாதிரி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்தில் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி உம்கேனி ஆற்றுடையது. சுமார் 4,400 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதி. மேலிருந்து கீழாக மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா என்று நான்கு அணைகள். போதாக்குறைக்குப் பக்கத்து மூய் ஆற்றின் தண்ணீரும் 2013-இல் முடிந்த ஸ்பிரிங் குரோவ் அணை வழியாக இந்தப் படுகைக்குத் திருப்பப்படுகிறது. எந்த அணையிலிருந்து இந்த மாதம் எவ்வளவு எடுப்பது, வறட்சியில் யாருக்கு எவ்வளவு குறைப்பது, கரையோரம் எந்த இடம் வரை வீடு கட்ட விடுவது ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால், மழையையும் ஆற்றையும் அணையையும் எண்களாக்கிக் கணக்கிடும் ஏதோ ஒரு கணினி மாதிரி இருக்கிறது.

அந்த மாதிரியை முதன்முதலாக அமைக்கப் போகிறவர்களுக்காக இது எழுதப்படுகிறது: பொறியியல், புவியியல் மாணவர்கள், நகராட்சியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், பாசனச் சங்கத்தில் கணக்குப் பார்ப்பவர்கள், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ குடியிருப்போர் சங்கத்தின் சார்பில், வெள்ளம் எதுவரை ஏறும் என்று காட்டும் வெள்ளக் கோட்டு அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்க வேண்டியவர்கள். எக்செல் தெரிந்திருந்தால் போதும். மற்றவை போகப்போக வரும்.

முடிவை முதலில் எழுதுங்கள்

மென்பொருளைப் பதிவிறக்கம் செய்வதற்கு முன் ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: யார், எந்தத் தேதியில், எவற்றுக்கு இடையில் முடிவெடுக்கப் போகிறார்கள்? “மே மாதத் தொடக்கத்தில் அணையில் இருக்கும் நீரைப் பார்த்து, பாசனத்துக்கு முழு அளவு தருவதா, முக்கால் அளவு தருவதா, பாதி தருவதா என்று சங்கம் முடிவு செய்யும்.” இது நல்ல வாக்கியம். “உம்கேனிப் படுகையின் நீரியலை ஆராய்தல்” என்பது வாக்கியமே அல்ல. அதை வைத்துத் தொடங்கிய மாதிரிக்கு முடிவே வராது, ஏனென்றால் எவ்வளவு நுணுக்கம் போதும் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

அந்த வாக்கியம்தான் கால இடைவெளியைத் தீர்மானிக்கிறது. அணையில் நீர் எத்தனை மாதம் தாங்கும் என்பது கேள்வியானால் மாதக் கணக்கு போதும். பண்ணைக் குட்டை ஒன்று கீழே இருப்பவர்களின் வறண்ட மாத நீரை எவ்வளவு பறிக்கிறது என்றால் நாள் கணக்கு வேண்டும். உம்லாட்டுசானா ஆறு சாட்ஸ்வொர்த் பக்கம் எந்தத் தெருவரை ஏறும் என்றால் மழையை 5 முதல் 15 நிமிட இடைவெளியிலும், ஆற்றோட்டத்தைச் சில வினாடி இடைவெளியிலும் கணக்கிட வேண்டும். இந்த மூன்றையும் ஒரே மாதிரியில் அடக்க முயல்வது புதியவர்கள் வழக்கமாக விழும் பள்ளம். மூன்றும் வேறு வேறு கருவிகள்.

தென்னாப்பிரிக்காவில் மாத நீரோட்டத்துக்குப் பரவலாகப் பயன்படுவது பிட்மன் மாதிரி. 1973-இல் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. நாள் கணக்குக்கு ஏக்ரு என்ற மாதிரி நடால் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. இந்த மாகாணத்தின் கரும்பும் யூகலிப்டஸ் காடும் அதற்கு நன்றாகத் தெரியும். வெள்ளத்துக்கு அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இலவசமாகத் தரும் ஹெக்-ராஸ் (ஆற்றின் நீர்மட்டத்துக்கு), ஹெக்-ஹெச்எம்எஸ் (மழையிலிருந்து வெள்ள ஓட்டத்துக்கு) இரண்டும் இங்கேயும் நடைமுறையில் உள்ளன. வரைபட வேலைக்கு இலவச க்யூஜிஐஎஸ். இதற்கு மேல் எதையும் முதல் ஆண்டில் வாங்க வேண்டாம்.

அலகுகளைச் சரிசெய்யாமல் ஓரடியும் எடுத்து வைக்காதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு டிஎம்சியும் கன அடியும் பழக்கம். இங்கே அணையின் கொள்ளளவு மில்லியன் கன மீட்டரில், குடிநீர் நாளொன்றுக்கு மெகாலிட்டரில், ஆற்றோட்டம் வினாடிக்குக் கன மீட்டரில். கீழ்க்கண்டவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

1 சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை = 1,000 கன மீட்டர்.
வினாடிக்கு 1 கன மீட்டர் ஒரு நாள் முழுக்க ஓடினால் = 86,400 கன மீட்டர் = 86.4 மெகாலிட்டர்.
வினாடிக்கு 1 கன மீட்டர் ஓராண்டு ஓடினால் = சுமார் 31.5 மில்லியன் கன மீட்டர்.
1 டிஎம்சி = சுமார் 28.3 மில்லியன் கன மீட்டர்.

மிட்மார் அணையின் முழுக் கொள்ளளவு சுமார் 235 மில்லியன் கன மீட்டர், அதாவது 8.3 டிஎம்சி. மேட்டூர் 93.47 டிஎம்சி. இரண்டையும் மனத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இங்குள்ள சேமிப்பு எவ்வளவு சிறியது, இரண்டு மழைக்காலம் பொய்த்தால் ஏன் இவ்வளவு பதற்றம் என்பது புரியும்.

ஆண்டுக் கணக்கும் வேறு. நீரியல் ஆண்டு அக்டோபரில் தொடங்கிச் செப்டம்பரில் முடியும், ஏனென்றால் இங்கே மழை கோடையில் பெய்கிறது, தென்கோளத்தின் கோடை ஆண்டின் இறுதியிலும் தொடக்கத்திலும் வரும். அட்டவணையில் “2009” என்று இருந்தால் அது 2009 அக்டோபர் முதல் 2010 செப்டம்பர் வரை. இதைக் கவனிக்காமல் ஜனவரி முதல் டிசம்பர் என்று ஒட்டிவிட்டால் மழையும் ஓட்டமும் ஒன்பது மாதம் தள்ளி நிற்கும். எந்தத் திருத்தத்தாலும் பொருந்தாது.

தரவு: வேலையில் பாதி இதுதான்

நாட்டை நீர் மற்றும் சுகாதாரத் துறை நீர்ப்பிடிப்பு அலகுகளாகப் பிரித்து எண்ணிட்டிருக்கிறது. உம்கேனிப் படுகை யூ20ஏ முதல் யூ20எம் வரை. ஆற்றளவீட்டு நிலையங்களின் எண்ணில் நடுவில் ‘ஹெச்’ வரும், அணைகளுக்கு ‘ஆர்’. யூ2ஆர்001 என்றால் மிட்மார் அணை. யூ2ஹெச்013 என்றால் மிட்மாருக்கு மேலே பெட்ரஸ் ஸ்ட்ரூமில் உள்ள உம்கேனி நிலையம். துறையின் இணையதளத்தில் இந்த எண்ணைக் கொடுத்தால் அளவீடுகள் இலவசமாகக் கிடைக்கும்.

எண்களோடு ஒரு தரக் குறியீடும் வரும். அந்த நெடுவரிசையை நீக்கிவிடாதீர்கள். எது உண்மையான அளவீடு, எது மதிப்பீடு, எந்த நாள் கருவி பழுது, எந்த நாள் வெள்ளம் அளவீட்டுத் தடுப்பின் வரம்பைத் தாண்டியது என்று அதுதான் சொல்கிறது. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். ஆற்றின் குறுக்கே கட்டிய அளவீட்டுத் தடுப்பு ஒரு குறிப்பிட்ட உயரம் வரை மட்டுமே நம்பத்தக்க அளவு தரும். அதற்கு மேல் நீர் பக்கவாட்டில் வழிந்தோடும். பதிவில் இருப்பதோ வரம்பின் உச்ச எண் மட்டும். வரைபடத்தில் பெரிய வெள்ளங்களின் தலை கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தால் காரணம் இதுதான். அந்த எண்ணுக்குப் பொருந்தும்படி மாதிரியைச் சீர்செய்தால், எல்லா வெள்ளத்தையும் குறைத்துக் காட்டும் மாதிரி ஒன்றை நீங்களே உண்டாக்கியவர் ஆவீர்கள்.

அடுத்து, விடுபட்ட நாள்கள். சில கோப்புகளில் விடுபட்ட இடம் வெற்றாக இருக்கும், சிலவற்றில் சுழியம், சிலவற்றில் -99. மழைக் கோப்பில் விடுபட்ட நாள் சுழியமாக மாறினால் வறட்சி ஒன்று கற்பனையாகப் பிறக்கும். ஒவ்வொரு மாதத்துக்கும் எத்தனை நாள் அளவீடு இருக்கிறது என்று எண்ணித் தனி நெடுவரிசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் மழை இங்கே காலை 8 மணிக்கு அளக்கப்படுகிறது. 12-ஆம் தேதி எழுதிய எண்ணில் பெரும்பகுதி 11-ஆம் தேதி பெய்த மழை. செயற்கைக்கோள் மழைத் தரவோ கிரீன்விச் நேரத்தில் வரும். நாம் இரண்டு மணி நேரம் முன்னே. மழைக்கு ஒரு நாள் முன்பே ஆறு பெருகியதாக உங்கள் தரவு காட்டினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மழைமானிகள் பெரும்பாலும் ஊருக்குள்ளும் பள்ளத்தாக்கிலும் இருக்கின்றன. மழையோ மலைச்சரிவில் அதிகம். பள்ளத்தாக்கு மானியை மட்டும் நம்பினால் வந்த மழையை விட ஓடிய நீர் அதிகம் என்றுகூடச் சில ஆண்டுகளில் கணக்கு வரும். ஒவ்வொரு மானியையும் அண்டை மானிகளோடு கூட்டுத்தொகை வரைபடம் போட்டுப் பாருங்கள்: ஒன்றின் தொடர் கூட்டுத்தொகையை ஓர் அச்சிலும், அண்டை மானிகளின் சராசரியை மற்றதிலும். கோடு நேராகப் போனால் நல்லது. ஓரிடத்தில் வளைந்தால் அந்த ஆண்டில் மானியை இடம் மாற்றியிருப்பார்கள், அல்லது மேலே மரம் வளர்ந்திருக்கும்.

ஆவியாதலில் ஒரு வலை உண்டு. இந்த நாட்டில் இரண்டு வகை ஆவியளவுத் தொட்டிகள்: சைமன்ஸ் தொட்டி, ஏ-வகைத் தொட்டி. ஏ-வகை அதிகமாகக் காட்டும். ஒன்றுக்கான திருத்தக் காரணியை மற்றதற்குப் போட்டு ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் பிசகினால், 8 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் 2.4 மில்லியன் கன மீட்டர் காணாமல் போகும். எந்தத் தொட்டி என்று எழுதாத ஆவியாதல் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள்.

முதல் மாதிரி: ஓர் எக்செல் தாள்

பெரிய மென்பொருளுக்குப் போகும் முன் மாத நீர்க்கணக்கு ஒன்றைக் கையால் அமைக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பின்னால் எந்த மென்பொருள் பிழையான எண்ணைக் கக்கினாலும் அதைப் பிடிப்பது இந்தத் தாள்தான்.

ஒரு வரிசைக்கு ஒரு மாதம். நெடுவரிசைகள்: மாதத் தொடக்கச் சேமிப்பு, நீர்வரத்து, அணைமேல் பெய்த மழை, ஆவியாதல், சூழலுக்கு விட வேண்டிய நீர், குடிநீர், பாசனம், கலிங்கு வழியே வழிந்தது, மாத இறுதிச் சேமிப்பு. கற்பனை அணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நவம்பர் தொடக்கத்தில் 60 மில்லியன் கன மீட்டர், நீர்ப்பரப்பு 8 சதுர கிலோமீட்டர். ஆற்றில் வந்தது 8. மழை 120 மில்லிமீட்டர், அதனால் 0.96. ஆவியானது 150 மில்லிமீட்டர், அதனால் 1.2. ஆற்றுக்கு விட்டது 1. குடிநீருக்கும் பாசனத்துக்கும் 6. மாத இறுதியில் 60.76. முழுக் கொள்ளளவை மீறினால் மீறியது வழிந்ததாகும். அடிமட்டச் சேமிப்புக்குக் கீழே போனால் குறைந்த அளவு பற்றாக்குறையாகும்.

நீர்ப்பரப்பு நிலையான எண் அல்ல. அணை இறங்க இறங்கச் சுருங்கும். துறை தரும் மட்டம், பரப்பு, கொள்ளளவு அட்டவணையை வைத்து ஒவ்வொரு மாதமும் பரப்பைத் தேடி எடுக்க வேண்டும். வண்டல் படிவதால் அந்த அட்டவணையும் பழையதாகிவிடும். எந்த ஆண்டு அளந்தது என்று பாருங்கள்.

நெடுவரிசைகளின் வரிசைமுறையிலும் சட்டம் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டத்தின்படி ‘ஒதுக்கீடு’ முதலில் வரும்: மனிதரின் அடிப்படைத் தேவைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர், பிறகு ஆறு ஆறாக வாழத் தேவையான ஓட்டம். இந்த இரண்டுக்கும் கொடுத்த பிறகே நகரம், ஆலை, கரும்பு எல்லாம். எஞ்சினால் ஆற்றுக்கு என்று கடைசி நெடுவரிசையில் போட்ட தாள் கணக்காகச் சரியாக இருக்கலாம், சட்டப்படி செல்லாது.

இப்போது நீர்வரத்து. ‘டபிள்யூஆர்2012’ என்ற நாடளாவிய தொகுப்பில் ஒவ்வொரு அலகுக்கும் 1920 முதல் 2009 நீரியல் ஆண்டு வரை 90 ஆண்டு மாத ஓட்டம் கிடைக்கிறது. இலவசம், அருமையான உழைப்பு. ஆனால் அதை அப்படியே தாளில் ஒட்டக் கூடாது. இரண்டு காரணங்கள்.

ஒன்று, அது இயற்கை ஓட்டம். காடு வளர்ப்பு, பண்ணை அணைகள், பாசனம் எதுவும் இல்லாதிருந்தால் எவ்வளவு ஓடியிருக்கும் என்ற கணக்கு. கார்க்லூஃப் பக்கம் மலை முழுக்க நட்ட பைனும் யூகலிப்டஸும் குடிக்கும் தண்ணீர் கணிசமானது. அதனால்தான் சட்டம் வணிகக் காடு வளர்ப்பை ஓட்டம் குறைக்கும் செயலாக அறிவித்து அனுமதிக்கு உட்படுத்தியிருக்கிறது. அந்தக் குறைப்பு வறண்ட மாதங்களில் விகிதத்தில் மிக அதிகம். இயற்கை ஓட்டத்தை இன்றைய ஓட்டமாக எடுத்துக்கொண்டு போட்ட திட்டம் தாளில் மட்டுமே நிறையும். புதியவர்களின் தாள்களில் அடிக்கடி காணும் பெரும்பிழை இதுதான்.

இரண்டு, அது 2010 செப்டம்பரோடு முடிகிறது. 2014 முதல் 2016 வரை இந்த மாகாணத்தை வாட்டிய வறட்சி அதில் இல்லை. அண்மைக்கால வறட்சியைக் காணாத தொடரை வைத்து வறட்சிக்கான விதி வகுப்பது ஆபத்து. தொடரை நீங்கள்தான் நீட்ட வேண்டும். அடுத்த பகுதி அதற்காகத்தான்.

தாள் தயாரானதும் எடுக்கும் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். 90 ஆண்டுத் தொடரில் அணை ஒரே ஒரு முறை வறளும் எல்லைக்குச் சற்று முன்னால் நிற்கும் அளவே வரலாற்று உறுதி விளைச்சல். ஆனால் அந்தத் தொடர் கடந்தகாலத்தின் ஒரே ஒரு வடிவம். அதனால்தான் பெரிய அமைப்புகளில் புள்ளியியல் முறையில் நூற்றுக்கணக்கான செயற்கைத் தொடர்களை உண்டாக்கி, ‘98 சதவீத உறுதி’ என்று சொல்கிறார்கள்: சராசரியாக 50 ஆண்டுக்கு ஒரு முறை பொய்க்கும் என்று பொருள்.

மழையிலிருந்து ஓட்டம்

பிட்மன் மாதிரியில் பல குணகங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். மண் எவ்வளவு நீரைத் தாங்கும் என்பது ‘எஸ்டி’. அதைக் கூட்டினால் ஓட்டம் குறையும். மண் நிரம்பியிருக்கும்போது ஆற்றுக்குக் கசியும் அளவு ‘எஃப்டி’. மண் வறளும்போது அந்தக் கசிவு எவ்வளவு வேகமாகக் குறையும் என்பது ‘பவ்’. தரை உறிஞ்சாமல் நேரே ஓடும் மழையைக் கட்டுப்படுத்துவது ‘இசட்மின்’, ‘இசட்மேக்ஸ்’.

முதலில் ஆண்டுச் சராசரி ஓட்டத்தைப் பொருத்துங்கள். பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம். பிறகு மாதங்களுக்குள் பங்கீடு. கடைசியாகக் குறைந்த ஓட்டங்கள், அவற்றை மடக்கை அளவில் வரைந்து பார்க்க வேண்டும். நேர் அளவில் வரைந்தால் வெள்ளம் மட்டுமே கண்ணில் படும். ஆகஸ்ட் மாத ஓட்டம் இரண்டு மடங்கு பிசகியிருந்தாலும் தெரியாது. வறட்சி முடிவுக்கு உதவ வேண்டிய மாதிரியில் ஆகஸ்ட் மாதம்தான் உயிர். கணக்கு அளவீட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் நாஷ்-சட்கிளிஃப் எண் (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.8 வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். அந்த எண் பெரிய ஓட்டங்களுக்கே அதிக எடை தருகிறது.

தொடரை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் குணகங்களைச் சீர்செய்து, மறுபாதியில் தொடாமல் ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் ஈரமான ஆண்டுகளில் சீர்செய்து வறண்ட ஆண்டுகளில் சோதியுங்கள். அங்கே தோற்கும் மாதிரி வறட்சியில் கைகொடுக்காது. குணகம் ஒன்றை நம்ப முடியாத எல்லைக்குத் தள்ளினால்தான் பொருந்துகிறது என்றால் குற்றம் குணகத்தில் இல்லை. மழைத் தரவு, பதிவில் வராத பண்ணைக் குட்டைகள், தண்ணீர் குடிக்கும் அயல் மரமான கறுப்பு வாட்டில் மண்டிய ஓடைக்கரை, இவற்றில் ஒன்றில்தான் இருக்கும். செயற்கைக்கோள் படத்தை வைத்துக் குட்டைகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை உங்களைத் திடுக்கிட வைக்கும்.

வெள்ளக் கோடு

தேசிய நீர்ச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு, புதிய குடியிருப்பு மனைப் படத்தில் நூறாண்டு வெள்ளக் கோட்டைக் காட்ட வேண்டும் என்கிறது. ‘நூறாண்டு வெள்ளம்’ என்றால் நூறாண்டுக்கு ஒருமுறை வந்துவிட்டு ஓய்வெடுக்கும் வெள்ளம் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு. 30 ஆண்டு வீட்டுக்கடன் காலத்துக்குள் குறைந்தது ஒரு முறை வர 26 சதவீத வாய்ப்பு. கூட்டத்தில் பேசும்போது இந்த இரண்டாவது எண்ணைச் சொல்லுங்கள். மக்களுக்குப் புரியும் எண் அதுதான்.

சிறு ஓடைக்கு எளிய வாய்பாடு: ஓட்டக் குணகம் (பெய்த மழையில் ஓடும் பங்கு), மணிக்கு மில்லிமீட்டரில் மழைவீதம், சதுர கிலோமீட்டரில் பரப்பு, மூன்றையும் பெருக்கி 3.6-ஆல் வகுத்தால் வினாடிக்குக் கன மீட்டர். 12 சதுர கிலோமீட்டர், குணகம் 0.6, மழை மணிக்கு 70 மில்லிமீட்டர் என்றால் 140. சுமார் 15 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புக்கு இது ஏற்றதல்ல. மழைவீதத்தை எடுக்க வேண்டியது, பரப்பின் கடைக்கோடியிலிருந்து நீர் வந்துசேர ஆகும் நேரத்துக்கு. ஒரு மணி நேரத்தில் வந்துசேரும் ஓடைக்கு 24 மணி நேர மழையின் சராசரியைப் போட்டால் வெள்ளம் பல மடங்கு சிறுத்துவிடும்.

வடிவமைப்பு மழைக்கு, அதாவது இத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்று கணக்கில் எடுக்கும் மழையளவுக்கு, ஸ்மிதர்ஸும் ஷுல்ஸேயும் தயாரித்த நாடளாவிய தொகுப்பு இருக்கிறது. 5 நிமிடம் முதல் 7 நாள் வரை, 2 ஆண்டு முதல் 200 ஆண்டு வரை. ஆனால் அது 2022 ஏப்ரலுக்கு வெகு முந்தையது. அந்த ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனைச் சுற்றிச் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 400-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆகவே நூறாண்டு வெள்ளத்தோடு இருநூறாண்டு வெள்ளத்தையும் ஓட்டிப் பாருங்கள். கூடுதல் வேலை அரைநாள்.

தரைமட்டத் தரவில் கஞ்சத்தனம் கூடாது. இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் என்ற விண்வெளி ராடார் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எடுத்தது. உயரப் பிழை சில மீட்டர் வரை போகும், மரத்தின் தலையையும் கூரையையும் தரை என்று காட்டும். நீர்ப்பிடிப்பு எல்லை வரைய அது போதும், வீட்டு வாசலில் கோடு போட உதவாது. விமானத்திலிருந்து லேசரால் தரை உயரத்தை அளக்கும் லைடார் அளவீடு இருக்கிறதா என்று நகராட்சியிடம் கேளுங்கள்.

இடக் குறிப்பிலும் ஒரு பொறி. டர்பனின் நில அளவை எல்ஓ31 முறையில், 31 பாகைத் தீர்க்கரேகையை நடுவாக வைத்து இருக்கும். அந்த மரபில் எண்கள் தெற்கு நோக்கியும் மேற்கு நோக்கியும் கூடும். நில அளவையாளர் தந்த கோப்பை க்யூஜிஐஎஸ்ஸில் குறி மாற்றாமல் ஏற்றினால் உம்கேனி ஆறு பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும். அப்படி நின்றால் நல்லது, உடனே தெரிந்துவிடும். கிழக்கு மேற்கு மட்டும் மாறினால் ஆறு கண்ணாடியில் பார்த்தது போல் திரும்பி, சிறு பகுதிகளில் நெடுநேரம் பிடிபடாமல் இருக்கும்.

ஹெக்-ராஸில் மேனிங் சொரசொரப்பு எண் (ஓட்டத்துக்குத் தரை தரும் தடை): கான்கிரீட் கால்வாய்க்கு 0.015, சுத்தமான இயற்கை ஓடைக்கு 0.03 முதல் 0.035, நாணலும் புதரும் மண்டிய கரைக்கு 0.07 முதல் 0.10. சாட்ஸ்வொர்த் கால்வாய்களில் நாணல் எவ்வளவு என்று நேரில் போய், மழைக்காலத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். இருபரிமாணக் கணக்கில் கட்டம் 10 மீட்டர், நீரின் வேகம் வினாடிக்கு 3 மீட்டர் என்றால் கால இடைவெளி 3 வினாடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நீர்மட்டம் மேலும் கீழும் துள்ளும். அந்தத் துள்ளலை அலை என்று நினைத்துவிடாதீர்கள். சாலை மேடு, ரயில் மேடு, தடுப்புச்சுவர் எல்லாவற்றின் மேலும் முறிவுக்கோடு, அதாவது இங்கே மேடு இருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோடு, வரையுங்கள். இல்லாவிட்டால் கட்டத்தின் ஊடே நீர் சுவரைத் துளைத்துப் போகும்.

பாலங்களைத் திறந்தபடி ஒரு முறை, பாதி அடைத்தபடி ஒரு முறை ஓட்டுங்கள். 2022-இல் கப்பல் கொள்கலன்களே மிதந்து வந்து சாலையை அடைத்தன. மரக்கிளையும் குப்பையும் சேராத பாலம் உண்மையான வெள்ளத்தில் கிடையாது. கடல் முகத்தில் அலையேற்ற மட்டத்தையும், முகத்துவாரத்தை மணல் மூடியிருக்கும் நிலையையும் ஆற்றின் கடல்பக்க எல்லை நிலையாக வைத்துப் பாருங்கள்.

பிறகு சரிபார்ப்பு. நகர ஓடைகளில் பெரும்பாலும் அளவீட்டு நிலையம் இல்லை. ஊர் நினைவுதான் நிலையம். 1875-இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்த கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோயிற்று. பின்னர் அது கேட்டோ மேனரில் எழுந்தது. 1917 அக்டோபர் 28-இல் உம்கேனி பெருகியபோது கரையோரத் தோட்டக்காரர் குடும்பங்களிலிருந்து 176 பேரைப் படவட்டான் முதலான ஆறு மீனவர்கள் படகில் மீட்டார்கள். அந்த இடங்களை உங்கள் வரைபடத்தில் குறியுங்கள். 1987 செப்டம்பர், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் வெள்ளங்களுக்குச் சாட்சிகள் இன்றும் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடமும் அண்ணாச்சியிடமும் கேளுங்கள்: சுவரில் எதுவரை, எந்தப் பக்கமிருந்து, எத்தனை மணிக்கு? “ரொம்ப உயரம்” என்பதை எழுதாதீர்கள். கோயில் படிக்கட்டில் எத்தனையாவது படி என்று கேட்டு, அந்தப் படியின் உயரத்தை அளவையர் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். அந்த வெள்ளத்தின் மழையை மாதிரியில் ஏற்றி, கணக்கிட்ட மட்டம் குறியோடு அரை மீட்டருக்குள் வருகிறதா என்று பாருங்கள். எல்லாக் குறிகளிலும் ஒரே பக்கமாகப் பிசகினால் வெள்ள அளவோ சொரசொரப்போ தவறு. ஒரே ஒரு பாலத்துக்கு மேலே மட்டும் பிசகினால் அந்தப் பாலம் அன்று அடைத்திருந்தது.

முடிவெடுப்பவர் மேசைக்கு

மாதிரி தரும் ஒற்றை எண்ணை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகாதீர்கள். முதலில் எழுதிய வாக்கியத்துக்குத் திரும்புங்கள். மே தொடக்கத்தில் அணை 80, 60, 40 சதவீதம் இருந்தால், பாசனத்துக்கு முழு, முக்கால், பாதி தந்தால், அடுத்த இரண்டு ஆண்டில் குடிநீர் பொய்க்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று ஒன்பது கட்டங்கள் கொண்ட அட்டவணை போடுங்கள். மே ஏன் என்றால் மழைக்காலம் முடிந்து அணையில் இருப்பது தெரிந்துவிடும். அடுத்த மழைவரை அதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

அதே அட்டவணையை நீர்வரத்து 10 சதவீதம் குறைந்தால், குடிநீர்த் தேவை 10 சதவீதம் கூடினால் என்று மேலும் இரண்டு முறை போடுங்கள். மூன்று அட்டவணையிலும் ஒரே பதில் வரும் கட்டங்களில் விவாதம் தேவையில்லை. பதில் மாறும் கட்டங்களை நிறமிட்டுக் காட்டுங்கள். கூட்டத்தின் நேரம் முழுவதும் அவற்றுக்கே போகட்டும். அணை எதற்குக் கீழே போனால் வெட்டு என்ற எல்லை எண்ணை மழைக்காலத்துக்கு முன்பே, யாருக்கு வெட்டு என்று தெரியாத நிலையில், ஒப்புக்கொள்ளச் செய்வது நல்லது. தண்ணீர் குறைந்த பிறகு பேசினால் யாரும் மாதிரியைப் பார்க்க மாட்டார்கள், தங்கள் வயலைத்தான் பார்ப்பார்கள், அது இயல்பு.

மாதிரியோடு ஒரு குறிப்பேடு இருக்கட்டும்: எந்தக் கோப்பு, எந்தத் தேதியில் இறக்கியது, எந்த மாதங்களை எப்படி நிரப்பினீர்கள், எந்தக் குணகத்தை ஏன் மாற்றினீர்கள், மென்பொருளின் பதிப்பு எண் என்ன, எந்தக் கேள்விக்கு இந்த மாதிரி பயன்படாது. கடைசி வரியைத் தடித்த எழுத்தில் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். மாத நீர்க்கணக்குக்கு அமைத்த மாதிரியை மூன்று ஆண்டு கழித்து வேறொருவர் எடுத்து வெள்ள மட்டம் கேட்பார், அப்போது நீங்கள் அந்த அலுவலகத்தில் இருக்க மாட்டீர்கள். ஒவ்வோர் அக்டோபரிலும் முடிந்த நீரியல் ஆண்டின் மழை, ஓட்டம், அணைமட்டம் ஆகியவற்றைச் சேர்த்து, குணகத்தைத் தொடாமல் ஒரு முறை ஓட்டுங்கள். யூ2ஆர்001-இன் உண்மையான சேமிப்புக்கும் கணக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதுங்கள். வேறுபாடு தொடர்ந்து மூன்று ஆண்டு ஒரே திசையில் வளர்ந்தால் படுகையில் ஏதோ மாறியிருக்கிறது: புதிய குட்டைகள், புதிய குழாய், பெருகிய காடு. குணகத்தைத் திருத்தும் முன் அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.